பிஸ்கட் டின்னில் எழுந்த புகை: பழைய பேட்டரிகளைச் சேர்த்து வைத்த ஒரு மளிகைக் கடை பற்றிய நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரின் வடக்குப் பகுதியில், வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் புளோக்குகளுக்கு நடுவே அமைந்துள்ள ஒரு சிறிய மளிகைக் கடையில், அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுத்த பழைய பேட்டரிகளைப் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டின் ஒன்று ஒரு மாலை வேளையில் புகையத் தொடங்கியது. தீ மூளவில்லை; யாருக்கும் காயம் ஏற்படவில்லை. ஆயினும், டின்னில் இருந்தவற்றை மறுநாள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது, அந்தக் கடை தப்பியது மயிரிழையில்தான் என்பது தெளிவாகியது. கடைக்காரரின் சம்மதத்தோடு, கடையின் பெயரையும் இடத்தையும் குறிப்பிடாமல், நடந்ததையும் அதன் காரணங்களையும் பின்னர் செய்த மாற்றங்களையும் இங்கே பதிவு செய்கிறேன். மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். அந்த வட்டார வசிப்போர் குழுவில் தொண்டூழியனாகவும் இருக்கிறேன். அதனால்தான் மறுநாள் காலையில் கடைக்காரர் என்னை அழைத்தார்.

பழைய பேட்டரிகளைப் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் அவற்றை எங்கே போட வேண்டும் என்பதோடு நின்றுவிடுகின்றன. அது தேவையான தகவல்தான். ஆனால் கருவியிலிருந்து கழற்றப்பட்ட பேட்டரி, உரிய தொட்டியைச் சென்றடையும் வரை, வாரக்கணக்கில், சில வீடுகளில் ஆண்டுக்கணக்கில்கூட, ஏதோ ஓர் இழுப்பறையிலோ பையிலோ டின்னிலோ காத்துக் கிடக்கிறது. இந்த நிகழ்வில் ஆபத்து உருவானது அந்த இடைக்காலத்தில்தான். ஆகவே என் கவனம் முழுவதும் அதன்மீதே இருக்கும்.

டின் வந்த கதை

அந்த டின்னை யாரும் திட்டமிட்டு வைக்கவில்லை. ஒரு தீபாவளி முடிந்த வாரத்தில், கடைக்கு வழக்கமாகக் காய்கறி வாங்க வரும் ஒரு மூதாட்டி, பேட்டரியில் எரியும் பிளாஸ்டிக் அகல் விளக்குகளிலிருந்து எடுத்த பட்டன் பேட்டரிகளை ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்திருக்கிறார். "தம்பி, இதக் குப்பையில போடக் கூடாதுன்னு பேத்தி சொல்றா. எங்க போடுறதுன்னு தெரியல. இங்க வச்சிக்கிறியா?" என்று கேட்டிருக்கிறார். "வச்சிட்டுப் போங்கம்மா, நான் பாத்துக்கிறேன்" என்று கடைக்காரர் காலியான பிஸ்கட் டின் ஒன்றை எடுத்துக் கல்லாவுக்கு அருகில் வைத்தார். அதைப் பார்த்த மற்றவர்களும் கொண்டுவரத் தொடங்கினார்கள்.

மூதாட்டியின் பேத்தி சொன்னது சரி. பேட்டரிகளை அவர் வீட்டுக் குப்பைக் குழாயில், அதாவது அடுக்குமாடிக் குப்பையைக் கீழே தள்ளும் குழாயில், போட்டுவிடாமல் தடுத்தது அந்தப் பேச்சுதான். கடைக்காரர் செய்ததும் நல்லெண்ணத்தால் விளைந்த செயல். அருகிலுள்ள மின்கழிவுத் தொட்டி, சாலையைக் கடந்து செல்ல வேண்டிய ஒரு கடைத்தொகுதியில் இருந்தது. முழங்கால் வலியுள்ள முதியவர்களுக்கு அது தொலைவு. மளிகைக் கடையோ அன்றாடம் கால் பதிக்கும் இடம். மக்கள் எங்கே வந்து போகிறார்களோ அங்கேதான் திரும்பக் கொடுக்கும் வழக்கமும் வேர்விடும். அந்த வகையில் கடைக்காரர் தேர்ந்தெடுத்த இடம் மிகச் சரியானது. தேர்ந்தெடுத்த பாத்திரம்தான் பொருந்தாதது.

புகைந்த மாலை

சரக்கு வந்த நாள் அது. கல்லாவுக்கு அருகில் இடம் தேவைப்பட்டதால், கடை உதவியாளர் டின்னைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்கட்டில் அலமாரியின் அடித்தட்டில் வைத்தார். அதற்கு மேல்தட்டில் கற்பூரப் பொட்டலங்களும் ஊதுபத்திக் கட்டுகளும் காகிதப் பைகளும் இருந்தன. ஏறக்குறைய நிரம்பியிருந்த டின்னைத் தூக்கி, சாய்த்து, உள்ளே தள்ளியதில் அதனுள்ளே கிடந்தவை இடம் மாறியிருக்க வேண்டும். சற்று நேரத்தில் பிளாஸ்டிக் கருகும் நெடி வந்தது. மூடியைத் தொட்டுப் பார்த்த உதவியாளர், "அண்ணே, டின்னு சுடுது" என்று குரல் கொடுத்திருக்கிறார். விளிம்பின் இடுக்கிலிருந்து மெல்லிய சாம்பல் நிறப் புகை வெளிவந்துகொண்டிருந்தது.

கடைக்காரர் மூடியைத் திறக்கவில்லை. துடைப்பக் கம்பால் டின்னைத் தள்ளி, பின்வாசல் வழியே சிமெண்டுத் தரைக்குக் கொண்டுபோய், அருகில் எதுவும் இல்லாத இடத்தில் விட்டுவிட்டு, யாரையும் நெருங்க விடாமல் பார்த்துக்கொண்டார். புகை தானாகவே அடங்கியது. கையில் தூக்காதது நல்லதாயிற்று. இப்படித் தள்ளிவிட்டது பலித்ததே என்பதற்காக இதை வழிமுறையாகக் கொள்ளவும் கூடாது. லித்தியம் பேட்டரி புகையத் தொடங்கினால் அது எந்த நொடியில் பீறிட்டு எரியும் என்பதை வெளியிலிருந்து கணிக்க இயலாது. அத்தகைய நேரத்தில் ஆட்களை வெளியேற்றிவிட்டு 995 என்ற தீயணைப்பு அவசர எண்ணை அழைப்பதே முறை.

டின்னுக்குள் கண்டவை

மறுநாள், நன்றாக ஆறிவிட்டதை உறுதிசெய்துகொண்டு, கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து, உலர்ந்த மரப்பலகையின்மீது ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோம். தொலைக்காட்சி ரிமோட்டுகளிலும் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவிகளிலும் வானொலிப் பெட்டிகளிலும் பயன்பட்ட ஏஏ, ஏஏஏ பேட்டரிகள்தாம் பெரும்பான்மை. சிலவற்றின் முனையில் வெண்ணிறத் தூள் பூத்திருந்தது. ஆல்கலைன் பேட்டரிக்குள் இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட்டாக மாறுவதால் உண்டாகும் படிவு அது. வெறுங்கையால் தொட்டால் தோல் அரிக்கும். அகல் விளக்குகளின் பட்டன் பேட்டரிகள், காது கேட்கும் கருவிக்கான குட்டிப் பேட்டரிகள், பழைய கைப்பேசி பேட்டரிகள், ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்று ஆகியவையும் இருந்தன. இவற்றோடு, உடைந்துபோன ஓர் அகல் விளக்கை அப்படியே டின்னில் போட்டிருந்தார்கள்.

புகைக்கான விடை அந்த ஒன்பது வோல்ட் பேட்டரியிலும் உடைந்த விளக்கிலும் இருந்தது. விளக்கின் அடியிலிருந்து கழன்ற ஓர் உலோகப் பட்டை, பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே பாலம்போல் பதிந்து கிடந்தது. பட்டையின் நடுப்பகுதி நீலமும் கருமையுமாக நிறம் மாறியிருந்தது. ஒரு முனையோடு அது லேசாக ஒட்டிக்கொண்டிருந்ததால் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. பேட்டரியின் மேலுறை உருகிச் சுருங்கியிருந்தது. அதைத் தொட்டபடி கிடந்த ஒரு கைப்பேசி பேட்டரி ஏற்கெனவே உப்பியிருந்தது. அதன் ஒரு மூலையில் உறை இளகியிருந்தது. வெப்பம் இன்னும் கொஞ்ச நேரம் நீடித்திருந்தால் கதை வேறாகியிருக்கும். மேல்தட்டில் கற்பூரம் இருந்ததை இங்கே மீண்டும் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

தீர்ந்துபோன பேட்டரியில் ஏது இத்தனை சக்தி என்று கடைக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி, இந்த ஆய்வின் மையமும் அதுவே. கருவி நின்றுவிட்டதால் பேட்டரி வெறுமையாகிவிட்டது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். கருவிக்குத் தேவையான அளவு மின்னழுத்தத்தைத் தர முடியவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். புதிய ஆல்கலைன் ஏஏ பேட்டரி ஏறத்தாழ 1.5 வோல்ட் தரும். அது 1.1 அல்லது 1.2 வோல்ட்டுக்கு இறங்கும்போதே பல கருவிகள் பேட்டரியை மாற்றச் சொல்லிவிடும். அப்போதும் உள்ளே துத்தநாகமும் மாங்கனீசு டை ஆக்சைடும் வினைபுரிய மிச்சம் இருக்கின்றன. மீட்டர் வைத்துப் பார்த்தபோது டின்னில் இருந்த ஏஏ பேட்டரிகளில் பெரும்பாலானவை 1.1 வோல்ட்டுக்கு மேலேயே காட்டின. ஒன்பது வோல்ட் பேட்டரியோ உள்ளே ஆறு சிறு கலங்கள் தொடராக இணைக்கப்பட்டது. அதன் நேர்முனையும் எதிர்முனையும் ஒரே முகத்தில், அருகருகே அமைந்தவை. ஒரு சாவி, ஒரு காகித ஊசி, ஒரு நாணயம், எது குறுக்கே விழுந்தாலும் சுற்று முடிந்துவிடும். மின்சாரம் எங்கும் தடையின்றிப் பாய, அந்த உலோகத் துண்டும் பேட்டரியும் சூடேறும். வீட்டில் வைத்திருக்கும் ஒன்பது வோல்ட் பேட்டரிகளைப் பற்றி அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் தனியாகவே எச்சரிக்கை வெளியிட்டிருப்பதற்குக் காரணம் இந்த அமைப்புதான். சிங்கப்பூரில் 2018ஆம் ஆண்டு ஜூன் 1 முதல் புதிய வீடுகளில் புகையறி கருவி பொருத்துவது கட்டாயமாக்கப்பட்டதையும் சேர்த்து நினைக்க வேண்டும். அவற்றில் ஒரு பகுதி ஒன்பது வோல்ட் பேட்டரியில் இயங்குபவை என்பதால், முன்பு ஒலிவாங்கி, பொம்மை போன்ற சிலவற்றில் மட்டுமே கண்ட இந்த வகை பேட்டரி இன்று சாதாரண வீடுகளிலும் கழித்துப் போடப்படுகிறது.

கைப்பேசி பேட்டரியின் கதை வேறு. லித்தியம் அயன் பேட்டரியில் எளிதில் தீப்பற்றும் கரிமக் கரைப்பானே மின்பகுளியின், அதாவது உள்ளே மின்னூட்டத்தைக் கடத்தும் திரவத்தின், அடிப்படை. நேர்மின்வாயையும் எதிர்மின்வாயையும் பிரித்து வைப்பது மிக மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். நசுங்கினாலோ துளைபட்டாலோ வெளியிலிருந்து சூடேறினாலோ அந்தப் படலம் சுருங்கி உருகும். உள்ளேயே குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) நிகழும். அதனால் வெப்பம் கூடும். வெப்பம் கூடக்கூட நேர்மின்வாய்ப் பொருள் சிதைந்து ஆக்சிஜனை வெளிவிடும். எரிபொருளும் ஆக்சிஜனும் உள்ளேயே இருப்பதால், மூடி வைத்தாலும் அணையாத தீயாக அது வளர்கிறது. உப்பிய பேட்டரி என்பது மின்பகுளி சிதைந்து வாயு சேர்ந்த பேட்டரி. அதைக் குத்தி வாயுவை வெளியேற்றலாம் என்று சிலர் முயல்வதைக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. அதைத் தொடக் கூடாது, அழுத்தக் கூடாது, மீண்டும் மின்னேற்றவும் கூடாது.

ஆக, டின்னில் நடந்தது ஒரே ஒரு பேட்டரியின் குற்றமன்று. சக்தி மிச்சமிருந்த ஒரு பேட்டரி, அதன் முனைகளை இணைத்த ஓர் உலோகத் துண்டு, வெப்பத்தைத் தாங்காத ஒரு லித்தியம் பேட்டரி, இவை மூன்றையும் நெருக்கி வைத்த ஒரு பாத்திரம். அந்தப் பாத்திரமும் தகரத்தால் ஆனது. பலமுறை பேட்டரிகள் உரசியதில் உட்புறப் பூச்சு சுரண்டுபட்டு வெறும் உலோகம் தெரிந்தது. முதல் காரணத்தை யாராலும் முழுமையாக நீக்க முடியாது. மற்றவை அனைத்தையும் ஒரு சுருள் ஒட்டுநாடாவால் தவிர்த்திருக்கலாம்.

பட்டன் பேட்டரிகள்

புகையோடு தொடர்பில்லாவிட்டாலும், பலகையில் பரப்பி வைத்ததில் என்னை மிகவும் கவலைகொள்ள வைத்தவை இவைதாம். பல விளக்குகளில் சிஆர் 2032 வகை இருந்தது. இந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். ஒரு சிறு குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயில் சரியாகச் சிக்கிக்கொள்ளும் அளவு அது. சிக்கியதும் ஈரமான திசுவின் வழியே மின்சாரம் பாயத் தொடங்கி, எதிர்முனை தொடும் இடத்தில் ஹைட்ராக்சைடு உருவாகி, திசுவை அரிக்கிறது. இரண்டே மணி நேரத்தில் கடுமையான புண் ஏற்படலாம். மூன்று வோல்ட் பேட்டரி விளக்கை எரிய வைக்கும் வலுவை இழந்த பிறகும் இதைச் செய்யும் வலுவை இழப்பதில்லை. பெரியவர்களின் கண்ணில் பயனற்றதாகிவிட்ட பொருள் மேசை விளிம்பிலும் இழுப்பறையிலும் கேட்பாரற்றுக் கிடப்பதால், குழந்தைகளைப் பொறுத்தவரை பழைய பேட்டரி புதியதைவிட எளிதில் கைக்கு எட்டும்.

நான் பார்த்த விளக்குகளில் சிலவற்றின் அடிமூடிக்குத் திருகாணியே இல்லை. நகத்தால் நெம்பினால் திறந்துகொண்டது. தீபாவளி சமயத்தில் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்கி வந்து, வாசலில் வரிசையாக வைக்கும் விளக்கு, தவழும் குழந்தையின் கண் மட்டத்தில் மின்னிக்கொண்டிருக்கும் என்பதை நாம் யோசிப்பதில்லை. குழந்தை பட்டன் பேட்டரியை விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே போதும். அறிகுறிக்காகக் காத்திராமல், வாந்தி எடுக்க வைக்க முயலாமல், உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

சட்டம் சொல்வதும் கடை நிற்கும் இடமும்

சிங்கப்பூரில் 2019ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வள நிலைத்தன்மைச் சட்டத்தின் கீழ், 2021ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் மின்கழிவுக்கான உற்பத்தியாளர் பொறுப்புத் திட்டம் நடப்புக்கு வந்தது. கணினி, கைப்பேசி, குளிர்பதனப் பெட்டி போன்றவற்றோடு கையடக்க பேட்டரிகளும் இதில் அடங்கும். இவற்றை இங்கே விற்பனைக்குக் கொண்டுவரும் நிறுவனங்கள், பயன்பாடு முடிந்தபின் அவற்றைத் திரட்டி முறையாகக் கையாள்வதற்கான செலவை ஏற்க வேண்டும் என்பதே திட்டத்தின் அடிப்படை. சேகரிப்பை நடத்தும் பொறுப்பு முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆல்பா நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும் நாம் பார்க்கும் மின்கழிவுத் தொட்டிகள் அவ்வாறு வந்தவை. சில தொட்டிகள் கைப்பேசி, பேட்டரி, மின்விளக்கு ஆகிய மூன்றையும் ஏற்கும். சில, பேட்டரிக்கும் விளக்குக்கும் மட்டுமானவை. எதை ஏற்கும் என்பது தொட்டியின் மேலேயே படங்களோடு ஒட்டப்பட்டிருக்கும். போடுமுன் அதைப் படித்துவிட வேண்டும்.

இத்தகைய பொருள்களை விற்கும், 300 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட பரப்புள்ள பெரிய கடைகள் தங்கள் வளாகத்திலேயே சேகரிப்பு வசதி வைக்க வேண்டும் என்பதும் சட்டத்தின் ஏற்பாடு. நாம் பேசும் மளிகைக் கடை அந்த அளவில் ஒரு மூலைக்குக்கூட வராது. அது பேட்டரி விற்கிறது. திரும்பப் பெறும் கடமை அதற்கு இல்லை. சிறு வணிகர்மீது அந்தச் சுமையை ஏற்றாதது நியாயம் என்றே கருதுகிறேன். ஆனால் முதியவர்கள் பேட்டரி வாங்குவது இத்தகைய கடைகளில்தான். வாங்கும் இடத்துக்கும் திருப்பிக் கொடுக்கும் இடத்துக்கும் இடையே விழுந்த இந்த இடைவெளியைத்தான் பிஸ்கட் டின் நிரப்ப முயன்றது.

திட்டம் வருவதற்கு முன்பு தேசியச் சுற்றுப்புற வாரியம் எடுத்த ஆய்வில், வீடுகளிலிருந்து கழித்துவிடப்பட்ட மின்கழிவில் ஏறத்தாழ 6 விழுக்காடு மட்டுமே மறுபயனீட்டுக்குச் சென்றது தெரியவந்தது. நாடு ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவை உருவாக்குகிறது. பேட்டரி இதில் எடையால் சிறு பங்குதான். அபாயத்தால் பெரிய பங்கு.

மக்களைத் திருப்பிக் கொடுக்க வைப்பது எது என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. 2019ஆம் ஆண்டில் மின்ஸ்கூட்டர் போன்ற தனிநபர் நடமாட்டச் சாதனங்களால் நூற்றுக்கும் மேற்பட்ட தீச்சம்பவங்கள் நேர்ந்தன. யூஎல் 2272 தீப்பாதுகாப்புத் தரநிலையை எட்டாத சாதனங்களை முன்கூட்டியே ஒப்படைப்பவர்களுக்கு அவ்வாண்டு நவம்பர் இறுதிவரை 100 வெள்ளி ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. ஊக்கத்தொகை ஒரு காரணம்; தெளிவான கெடு, தெளிவான இடம், ஏன் ஒப்படைக்க வேண்டும் என்ற அச்சம் கலந்த புரிதல் ஆகியவையும் காரணங்கள். ஏஏ பேட்டரிக்கு யாரும் பணம் தரப் போவதில்லை. தர வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. இடமும் விளக்கமும் கிடைத்தால் போதும் என்பதற்கு, காசு பணம் எதுவும் இல்லாமலேயே நிரம்பிய அந்த டின் சான்று.

குப்பைக் குழாயில் போட்டால் என்ன?

கடைக்கு வரும் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டார். இப்போதைய ஆல்கலைன் பேட்டரிகளில் பாதரசம் சேர்ப்பதில்லை, பிறகென்ன என்பது அவர் வாதம். அதில் உண்மை இருக்கிறது. பாதரச அளவைக் கட்டுப்படுத்தும் விதிகளால் அந்தப் பழைய அபாயம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் குழாயில் விழுவது ஆல்கலைன் பேட்டரி மட்டும்தான் என்று யார் உறுதி சொல்ல முடியும்? அதே பையில் ஒரு கைப்பேசி பேட்டரியும் இருந்துவிட்டால், குப்பை லாரியின் அழுத்தும் இயந்திரம் அதை நசுக்கும்போது நடப்பது, நான் மேலே விளக்கிய உட்புறக் குறுக்குச்சுற்றுதான். லாரிக்குள் காகிதமும் எண்ணெய் படிந்த துணியும் நிரம்பியிருக்கும். லாரியில் தொழிலாளர்கள் இருப்பார்கள், அவர்களில் நம் ஊர்க்காரர்களும் இருக்கக்கூடும். நீல நிற மறுபயனீட்டுத் தொட்டியில் போடுவதும் இதே தவறு. அது காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகக் கலன் ஆகியவற்றுக்கானது. பேட்டரியும் உலோகம்தானே என்று நினைத்துப் போடுபவர்கள் இருக்கிறார்கள்.

லாரியைத் தாண்டினால் எரியாலை. அங்கே குப்பையின் கொள்ளளவு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். எஞ்சும் சாம்பல் துவாசிலிருந்து படகில் ஏற்றப்பட்டு, 1999இல் திறக்கப்பட்ட செமாக்காவ் நிரப்புநிலத்துக்குச் செல்கிறது. நாட்டின் ஒரே நிரப்புநிலம் அது. 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது மதிப்பீடு. துத்தநாகம், மாங்கனீசு, கோபால்ட், நிக்கல், எதுவும் எரிந்து காணாமல் போவதில்லை. சாம்பலோடு சாம்பலாகக் கலந்து மீட்க முடியாததாகிவிடுகிறது.

தொட்டி வழியே சென்றால் பாதை வேறு. 2021ஆம் ஆண்டு துவாசில் திறக்கப்பட்ட டிஇஎஸ் நிறுவன ஆலை நாளொன்றுக்கு 14 டன் லித்தியம் பேட்டரிகளைக் கையாளும் திறனோடு அமைக்கப்பட்டது. இத்தகைய ஆலைகளில் பேட்டரிகள் பாதுகாப்பான சூழலில் துண்டாக்கப்பட்டு, செம்பும் அலுமினியமும் பிரிக்கப்பட்டபின் கருநிறத் தூள் ஒன்று எஞ்சும். கோபால்ட்டும் நிக்கலும் லித்தியமும் அந்தத் தூளில்தான் இருக்கின்றன. இரசாயனக் கரைசல்களால் அவை தனித்தனியே மீட்கப்படுகின்றன. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டில், உலர்த்தி அரைத்த ஆரஞ்சுத் தோலையும் சிட்ரிக் அமிலத்தையும் கொண்டே இந்த உலோகங்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். கடும் அமிலங்களுக்கு மாற்றாகப் பழத்தோலைப் பயன்படுத்திய இந்தச் செய்தியைக் கடையில் சொன்னபோது, பேட்டரி கொடுக்க வந்த மூதாட்டி மிக ஆர்வமாகக் கேட்டார். தான் கொடுப்பது எங்கே போய் என்னவாகிறது என்று தெரிந்துகொள்ள எல்லோருக்கும் விருப்பம் இருக்கிறது. நாம்தான் பெரும்பாலும் சொல்வதில்லை.

மாற்றியவை

டின்னை எடுத்துவிட்டோம். பொதுச் சேகரிப்புக்கென நியமிக்கப்பட்ட நடத்துநர் இருக்கும்போது, போதிய இடமோ தீயணைப்பு ஏற்பாடோ இல்லாத ஒரு மளிகைக் கடை தானே சேகரிப்பு நிலையமாக மாறுவது முறையன்று. கடைக்காரருக்கு இதில் வருத்தம்தான். வருகிறவர்களிடம் இல்லை என்று சொல்வது அவர் இயல்புக்கு ஒவ்வாதது. ஆகவே, பேட்டரியை வாங்கி வைப்பதற்குப் பதிலாக, அதைப் பாதுகாப்பாகக் கொண்டுபோகத் தயார்செய்து கொடுக்கும் இடமாகக் கடையை மாற்றினோம்.

கல்லாவுக்கு அருகில் இப்போது ஒரு சுருள் ஒட்டுநாடாவும் சிறு பிளாஸ்டிக் பைகளும் இருக்கின்றன. ஒன்பது வோல்ட் பேட்டரியின் இரு முனைகளையும் மூடும்படி நாடா ஒட்டப்படுகிறது. பட்டன் பேட்டரியை இரு பக்கமும் நாடாவுக்கு நடுவே வைத்து மடித்துவிட வேண்டும். அப்போது ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினாலும் தொடர்பு ஏற்படாது, குழந்தை கையில் கிடைத்தாலும் வாயில் போடுவதற்கு வாகாக இருக்காது. கைப்பேசி பேட்டரியின் உலோகத் தொடுபுள்ளிகளை நாடாவால் மறைத்துத் தனிப் பையில் போடுகிறோம். ஏஏ பேட்டரிக்கு ஒரு முனையில் நாடா ஒட்டினாலே போதுமானது. கசிந்தவை தனிப் பையில் போகும். இந்த வேலை முழுவதும், காய்கறியை நிறுத்துப் பில் போடும் நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

சுவரில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறோம். அருகிலுள்ள தொட்டி எந்தத் தளத்தில், எந்த நுழைவாயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதை, அங்கே நேரில் போய்ப் பார்த்து எழுதினேன். தமிழ் வாக்கியங்களைக் கடை உதவியாளர் எழுதித் தந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், அவருடைய எழுத்து என்னுடையதைவிடத் தெளிவானது. உப்பிய பேட்டரி, பெரிய பவர் பேங்க், மின்சைக்கிள் பேட்டரி ஆகியவற்றைக் கடைக்குக் கொண்டுவர வேண்டாம் என்பதை அறிவிப்பின் முதல் வரியிலேயே சிவப்பில் எழுதினோம். அத்தகையவற்றைப் பொதுத் தொட்டியிலும் தள்ளிவிடக் கூடாது. சேகரிப்பு நடத்துநரையோ, வண்டியாக இருந்தால் விற்ற கடையையோ தொடர்புகொண்டு, எப்படி ஒப்படைப்பது என்று கேட்டுச் செய்ய வேண்டும். அதுவரை, கதவுக்கும் படுக்கைக்கும் மின்னேற்றும் இடத்துக்கும் தொலைவில், எரியக்கூடிய பொருள் ஏதும் அருகில் இல்லாத இடத்தில் வைப்பது நல்லது.

நடக்க இயலாதவர்களின் சிக்கலுக்கு அறிவிப்பு விடையாகாது. அதற்காக வசிப்போர் குழுவில் பேசி, சமூக மன்றத்துக்கு வாடிக்கையாகச் செல்லும் சிலர், நாடா ஒட்டிய சிறு பைகளை முதியவர்களின் வீட்டிலிருந்தே வாங்கிப்போய்த் தொட்டியில் சேர்ப்பதென ஏற்பாடு செய்தோம். வாங்கியதை வீட்டில் சேர்த்து வைக்காமல் அன்றே போட்டுவிட வேண்டும் என்பது மட்டுமே அவர்களுக்கு விதித்த நிபந்தனை. டின்னில் நடந்ததற்கு நேரடியான மருந்து இதுதான். பேட்டரி எங்கும் குவியாமல் இருந்தால், ஒன்றோடொன்று உரசவும் வாய்ப்பில்லை. இதைத் தொடர்ந்து நடத்துவதுதான் கடினம். பண்டிகைக் காலத்தில் பைகள் பெருகுகின்றன, பள்ளி விடுமுறையில் தொண்டூழியர்கள் குறைகின்றனர். நகர மன்றம் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு பேட்டரித் தொட்டிக்கு இடம் ஒதுக்குமானால் இந்த ஏற்பாடே தேவைப்படாது என்று குழு எழுத்துமூலம் கேட்டிருக்கிறது.

இன்னொரு முடிவைக் கடைக்காரர் தாமாகவே எடுத்தார். அடுத்த தீபாவளிக்கு மொத்த வியாபாரியிடம் அகல் விளக்குகள் எடுக்கும்போது, அடிமூடிக்குத் திருகாணி உள்ளவற்றை மட்டுமே எடுப்பதாகவும், விற்கும்போதே ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நான்கு விரற்கடை ஒட்டுநாடாவையும் தொட்டி இருக்கும் இடத்தைக் குறிக்கும் சீட்டையும் போட்டுக் கொடுப்பதாகவும் சொல்லியிருக்கிறார். சீட்டில் என்ன எழுதுவது என்பதை உதவியாளரும் நானும் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம்.